பூட்டுக்குள்ளே தெள்ளுப்பூச்சி

மார்ச் 2

முதலாளி எலிமருந்து கொண்டுவந்து மூட்டை இடுக்கெல்லாம் வைத்தார். மாட்டுத்தீவனக் குடோன் என்றால் எலி இல்லாமலா? காவலுக்கென்று உள்ளேயே ஓர் அறையில் கிடக்கிற எங்களைவிட அதுகள் நன்றாகச் சாப்பிடுகின்றன. சாயங்காலம் வழக்கம்போல கேட்டை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியோடு கிளம்பினார்.

"சரக்குக்கு நாங்க காவல், எங்களுக்குப் பூட்டு காவலா?" என்றேன்.

என் வீட்டு மகாராஜா, "முதல்ல உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றார்.

மார்ச் 5

செத்த எலியையெல்லாம் மகாராஜா வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டார். முகத்தில் புலி வேட்டையாடின பெருமை. இப்போது உட்கார்ந்து சொறிகிறார். இடுப்பெல்லாம் தெள்ளுப்பூச்சி கடி.

"எலி போச்சு, இது எங்கேருந்துடி வந்துச்சு?"

"வீடு காலி பண்ணிட்டு உங்ககிட்ட குடிவந்திருக்கு. வாடகை கேளுங்க."

மார்ச் 16

மகாராஜாவுக்குக் காய்ச்சல். தலை வெடிக்கிறதாம்.

மார்ச் 17

முதலாளி தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியிலேயே சொல்லிவிட்டார்: "எலி கிலின்னு வாயத் திறக்காதீங்க. குடோனுக்கு சீல் வச்சா உங்களுக்கும் இடமில்ல." டாக்டரம்மா கொசு உண்டா என்று கேட்டார், தண்ணீர் தேங்குமா என்று கேட்டார், எலி உண்டா என்றும் கேட்டார். "இல்லீங்க" என்றார் மகாராஜா. நானும் நல்ல பிள்ளையாய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் மாத்திரையோடு திரும்பினோம்.

மார்ச் 20

குறையவில்லை. வயிறெல்லாம் சிவப்புத் தடிப்பு. பொழுது சாய்ந்ததும் உளற ஆரம்பித்துவிட்டார். என்னை அம்மா என்கிறார். கேட் பூட்டியிருக்கு. முதலாளிக்குப் போன் போட்டா, "விடியட்டும்மா"ங்கறாரு. விடியற வரைக்கும் இந்த மனுஷன் இருக்கணுமே! கம்பியப் பிடிச்சு ஆட்டினேன். யாருக்குக் கேக்கும்? மூட்டைக்கா?

மார்ச் 21

அதே டாக்டரம்மா, அதே கேள்வி. அந்த நிலைமையிலும் மகாராஜா, "எலி இல்லீங்க" என்கிறார். பக்கத்திலேயே முதலாளி. என்னால் முடியவில்லை.

"ஆமாங்க டாக்டரம்மா, எலி இல்ல. அதுங்கதான் வீட்டுக்காரங்க, நாங்க வாடகைக்கு இருக்கோம். இந்த மாச ஆரம்பத்துல வீட்டுக்காரங்கள மருந்து வச்சுக் கொன்னுட்டாங்க, அவங்க தெள்ளுப்பூச்சி பூரா எங்க மேல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "இது டைபஸ்ங்கற தெள்ளுக் காய்ச்சலா இருக்கும். எலி செத்தா தெள்ளு ஆளைத் தேடி வரும். அது போட்ட எச்சம் சொறியறப்ப உடம்புக்குள்ள போயிடும். ரொம்ப வருஷமா இல்லாம இருந்துச்சு, இப்ப திரும்பி வந்துட்டிருக்கு. இத முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" ரத்த முடிவு வருவதற்கு முன்பே மாத்திரையைக் கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்.

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 24

"காபி ஆறிப்போச்சு, இதுதான் நீ கவனிக்கிற லட்சணமா?" என்று காய்ச்சல் விட்டதும் திட்டினார் மகாராஜா. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3

போன வாரம் குடோனுக்குச் சுகாதார ஆட்கள் வந்து பூச்சிமருந்து அடித்துவிட்டுப் போனார்கள். சீலும் இல்லை ஒன்றும் இல்லை. மறுநாள் எங்கள் பெட்டி கேட்டுக்கு வெளியே இருந்தது. இப்போது நாத்தனார் வீட்டில். இங்கே பூட்டு இல்லை, புரண்டு படுக்க இடமும் இல்லை.

மே 28

குடோன் பக்கம் போனேன். எங்கள் அறையில் புதுசாய் ஒரு ஜோடி. சின்னப் பெண். கேட் பூட்டியிருந்ததால் கம்பி வழியாகத்தான் பேச்சு. செத்த எலியை வெறுங்கையால் தொடவேண்டாம், காய்ச்சல் வந்தால் எலி இருக்கிறதென்று டாக்டரிடம் சொல் என்றேன். விளையாட்டுப் பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எலியா? இங்க எலியே கிடையாதுக்கா" என்று சிரித்தாள். "முந்தாநாள்தான் முதலாளி மருந்து வச்சாரு. எல்லாம் செத்துப்போச்சு."

சொல்லிக்கொண்டே குனிந்து கணுக்காலைச் சொறிந்தாள்.