முன்பாதி சொன்னது ஆர்

தவக்காலம், இரண்டாம் வெள்ளி. மண்டைதீவு.

இன்று, என்னோடு கடலுக்கு வந்து மூழ்கிப்போன மரியதாசின் முப்பத்தோராம் நாள் செபம். செபமாலையை நான்தான் நடத்தினேன். ஒவ்வொரு செபத்திலும் முன்பாதி நான் சொல்ல, சனம் மறுபாதி சொன்னது. என் குரல் பக்கத்து ஊர் அல்லைப்பிட்டி வரை கேட்டிருக்கும். பிறகு வழக்கம்போலக் கதை சொன்னேன். வள்ளம் கவிழ்ந்தது, அலை மூன்று பனை உயரம், நான் செபிக்கச் செபிக்கக் கடல் அடங்கியது.

மரியதாசின் மனைவி றீற்றா தேத்தண்ணியோடு வந்து கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் முன்பாதி சொல்லேக்க மறுபாதி சொன்னது அவரோ? செபத்தோடையோ போனவர்?"

"ஓம்" என்றால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

"பிள்ளை, பயத்திலை எனக்கு வாய் கட்டிப்போச்சு. முன்பாதி சொன்னது அவன்தான். நான் மறுபாதி மட்டும் சொன்னனான். அவன் தண்ணிக்குள்ளை போன பிறகும் முன்பாதி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கரையேறுமட்டும்."

றீற்றா அழவில்லை.

"கரையேறினாப்போலை ஏன் அண்ணை மறுபாதியை நிப்பாட்டினனீங்கள்?" என்றாள்.

இவ்வளவு நாளும் ஆட்கள் கேட்கவே செபித்தேன். இப்போது என் வீட்டில் ஒருவரும் இல்லை. கடல் பக்கமிருந்து முன்பாதி கேட்கிறது. சோடித்து எழுதவில்லை. மறுபாதி சொல்ல வேண்டும், பேனையை வைக்கிறேன்.