மூன்று மாதம் என்று நான் சொன்னது

எனக்கு முதன்முதலாகப் பென்சில் சீவிக் கொடுத்த என் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. அம்மா காதில் அது விழுந்தால், "யாரு நலம்? எதை வெச்சு சொல்ற?" என்று கேட்பாங்க. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றியாச்சு அப்பா. நீங்க இருந்தபோதே மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருவாங்களே, கொழுந்துக் கூடையின் பாரம் என்று நாம் நினைத்தோமே, அது கூடை இல்லை. மூட்டுத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்திருக்கிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் சாய்வு போகவில்லை. கண்டிக்கு நடையாய் நடந்து, காத்திருந்து, எட்டு மாதத்துக்கு முன்னால் ஆபரேசன் முடிந்தது.

டாக்டர் நல்ல மனுஷன். டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் என்னிடம் சிங்களத்தில் நிதானமாக எல்லாம் சொன்னார். ஆறு வாரம் வாக்கர் பிடித்து நடக்கணும். பிறகு மூன்று மாதம் வரைக்கும் ஊன்றுகோல். அதற்குள் வீட்டு நடமாட்டம் வந்துவிடும். ஆனால் முழுசாகத் தேற ஒரு வருஷம் ஆகலாம். பல வருஷம் நொண்டி நடந்ததில் தொடைச் சதை வற்றியிருக்கிறது, ஏற்ற இறக்கத்துக்குக் கடைசிவரை கோல் தேவைப்பட்டாலும் ஆச்சரியப்படாதீங்க என்றார். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது.

அம்மா தள்ளுநாற்காலியில் இருந்தபடி எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. அம்மாவுக்குக் கடைச் சிங்களம் மட்டும்தானே தெரியும். டாக்டர் நகர்ந்ததும், "என்னாவாம்?" என்றாங்க.

"மூணு மாசத்துல பழையபடி நடப்பீங்களாம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நிமிஷம் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. தலைச்சுமையில் கொஞ்சத்தை இறக்கிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. இந்தப் பழக்கம் எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு டாக்டருக்கு முன்னால் நீங்களும் நானும் நின்றோம். ஈரலில் புற்றுநோய், நாலு மாதம் என்றார். வீட்டுக்கு வந்து, "வயித்துல புண்ணு, கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அம்மாவிடம் சொன்னோம். நாலு மாதம் முடிவதற்குள் நீங்க போயிட்டீங்க.

முதல் மூன்று மாதம் அம்மா நான் சொன்னபடியெல்லாம் கேட்டாங்க. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன். கக்கூசுக்கு உயரமான நாற்காலி வாங்கிப் போட்டேன். கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத்தான் தூக்கம். படுத்தபடி பாதத்தை ஆட்டுவது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது என்று எல்லாவற்றையும் பத்துப் பத்து தடவை, எண்ணிக்கை குறையாமல் செய்தாங்க. கலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாங்க.

மூன்று மாதம் முடிந்த காலையில் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாலு அடி வைத்தாங்க. ஐந்தாவது அடிக்குக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது. சாயந்தரம் கணுக்கால் வீங்கிப் போச்சு.

"டாக்டரு எத்தன மாசம்னு சொன்னாரு?"

"மூணுதான்மா. இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிரும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே அப்பா, காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது பெயர் விட்டுப் போனபோது கூட கணக்கப்பிள்ளையை அப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க.

அன்றிலிருந்து வீட்டில் எதற்கும் நம்பிக்கை இல்லாமல் போச்சு. மாத்திரையைக் கொடுத்தால், "நேத்து வெள்ளையா இருந்துச்சு, இன்னைக்கு ஏன் மஞ்சளு?" நான் வாசலில் நின்று போனில் சிங்களத்தில் பேசினால், "ஆஸ்பத்திரியா?" பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கிற டீச்சர்கள் தோடம்பழம் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனால், "இத்தன பேரு எதுக்கு வர்றாங்க? காலு வலிக்கு யாராச்சும் பழம் கொண்டாருவாங்களா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசமாக மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். தட்டைத் தொடவே இல்லை.

"அவருக்கும் கடைசியில இப்பிடித்தான் கேக்காமலே எல்லாம் ஆக்கிப் போட்ட."

தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

போகப்போக எனக்கும் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கோலின் ரப்பர் நுனியில் ஈரமண் ஒட்டியிருக்கும். நம்ம லயத்து வீட்டு வாசல் சிமெந்து, அங்கே ஏது மண்? அலமாரி மேலே நான் வைத்த எக்ஸ்ரே கவர் கட்டில் பக்கம் இடம் மாறியிருக்கும். கேட்டால், "காத்துல விழுந்துச்சு" என்பாங்க. ஜன்னலைச் சாத்தி வைத்த வீட்டில் என்ன காத்து? அம்மா என்னை ஒளிந்து பார்க்க, நான் அம்மாவை ஒளிந்து பார்க்க, இரண்டு பேருமே போலீஸாக இருந்தோம்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வெளியே வந்து, "பெரிய கவரு ஒண்ண நெஞ்சோட அணைச்சிக்கிட்டு கீழ போனாங்க. நான் வரட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க" என்றாங்க.

லயத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி பாசி பிடித்தது. நான் ஓடி இறங்கினேன், ரோட்டில் ஓடினேன். பொகவந்தலாவை பஸ் என்னைக் கடந்து போனது. கடைசியில் டவுன் முனையில் இருக்கிற மருந்துக்கடையில் அம்மாவைக் கண்டேன். உயரமான ஸ்டூலில், கால்மேல் கால் போடாமல், டாக்டர் சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தாங்க. நாம் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் எக்ஸ்ரேயைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் நானாவுக்கு உயிர் வந்தது. "வாங்க மகள். நான் டாக்டர் இல்லன்னு எவ்வளவோ சொல்லிட்டன். இது மூணாவது தரம் வாராங்க."

மூணாவது தரமா?

"இடுப்புல பூட்டின சாமான் நேராத்தான் இருக்கு, முழுசா குணமாக ஒரு வருஷம் போகும்னு எனக்குத் தெரிஞ்சவங்க சொல்லிக் கேட்டிருக்கன்னு சொன்னன். நம்புறாங்க இல்ல. மகள் மூணு மாசம்னு சொன்னாவாம், நான் ஒரு வருஷம்ங்கிறனாம், அப்ப யாரோ மறைக்கிறாங்களாம்."

"இந்தப் படியில விழுந்திருந்தா என்னாம்மா ஆகும்?" என்று கத்திவிட்டேன்.

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நீ உள்ளதைச் சொன்னா நான் ஏன் படியிறங்குறேன்?"

ஆட்டோவில் ஏற மறுத்துட்டாங்க. நடந்தோம். கோலை ஊன்றி முன்னால் அம்மா, பின்னால் கவரோடு நான். பாலத்துக்கிட்ட வந்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாங்க. மூச்சு வாங்கியது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்த டாக்டரு 'அவுருத்தக்'னு சொன்னாரே, ராசு. எனக்குக் காதுல விழுந்துச்சு. அது ஒரு வருஷம்தானே?"

"ஆமாம்மா."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான்னா சொன்னாரு?"

அப்பா, ஐந்து மாதமாக அந்த ஒரு சிங்களச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டா என் அம்மா கலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருந்தாங்க? அந்தப் பழத்தையும் மீனையும் அப்படியா பார்த்தாங்க?

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தேறுவதற்குத்தான் ஒரு வருஷம். ஏற்றத்துக்குக் கோல் எப்போதுமே தேவைப்படலாம். மூன்று மாதம் என்று சுருக்கியது நான்தான். அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வைத்தாங்க.

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

"ஒரு வருஷம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வருஷம் பொறுத்திருப்பேனே. முப்பத்தெட்டு வருஷம் மலை ஏறினவளுக்கு ஒரு வருஷம் பெருசாடி?" என்றாங்க. ஓடைத் தண்ணிப் பக்கம் திரும்பினாங்க. பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டாங்க. "உங்கப்பாவுக்கு எத்தன மாசம்னு சொன்னாங்க?"

ஒரு சத்தியத்தின் ஈரம் காயவில்லை. அதற்குள் இன்னொரு பொய்யா? "நாலு மாசம். மொத நாளே சொல்லிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் கேட்டோம்."

"ரெண்டு பேருமா? அவருக்குமா தெரியும்?"

இத்தனை வருஷம் அம்மா என்னை மட்டும்தான் சந்தேகப்பட்டிருக்காங்க. உங்களையும் நான் ஏமாற்றினேன், பாவம் அந்த மனுஷன் ஒன்றும் தெரியாமலே போயிட்டாரு என்று நினைத்துத்தான் மனசைத் தேற்றியிருக்காங்க. அதை நான் அந்தப் பாலத்தில் வைத்து உடைத்துட்டேன். உங்களைக் காட்டிக் கொடுத்துட்டேன் அப்பா.

"அவரு போன அன்னைக்கு காலையில, 'நான் நல்லாத்தான் இருக்கேன், நீ மலைக்குப் போ'ன்னு அவருதானே என்னை அனுப்புனாரு. தெரிஞ்சிருந்தா போயிருப்பேனா? கொழுந்து நிறுக்கக்கூட இல்லாம ஓடியாந்தேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அழவில்லை. கோலை எடுத்து ஊன்றி நடந்தாங்க. படி ஏறும்போது நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சியை மட்டும் விடவில்லை. உங்களைப் பற்றின பேச்சே வீட்டில் இல்லாமல் போச்சு. கோபம் என்மேலா, உங்கமேலா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

ஆறாம் மாதம் கிளினிக்குப் போனோம். டாக்டர் வாயைத் திறக்கும் முன்னாலேயே அம்மா சொல்லிட்டாங்க. "எங்கிட்ட பேசச் சொல்லு. நீ ஒவ்வொரு வார்த்தையா திருப்பிச் சொல்லு." நான் சொல்லி முடித்ததும், தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ்பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்தி, "இவ சொன்னது சரிதானாம்மா?" என்று விசாரித்தாங்க. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எவ்வளவு தூரம் நடக்கிறீங்க என்று டாக்டர் கேட்டார். டவுன் வரைக்கும் போய் வந்த கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். தனியாகப் படியிறங்கியதற்குத் திட்டினார். பிறகு, கால் நன்றாகப் பிடித்துக்கொண்டது, இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார். அதையும் அந்த நர்ஸ்பிள்ளையிடம் கேட்டு உறுதி பண்ணிய பிறகுதான் வெளியே வந்தாங்க.

இப்போது எட்டாம் மாதம். சமதரையில் கோல் இல்லாமல் நடக்கிறாங்க. படிக்கட்டுக்குக் கோல் வேணும். மழை இறங்கினால் தொடை கடுக்கிறது. மாத்திரையை இன்னும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் போடுறாங்க.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டே உங்க பேச்சை எடுத்தாங்க. "நான் அழக் கூடாதுன்னு நெனச்சாரு. அதுக்கு எனக்கு நாலு மாசத்தைக் குடுக்காம போயிட்டாரு." பிறகு, "டாக்டர பாத்துட்டு ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்தீங்களே, என்னா பேசுனாரு?" என்றாங்க. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போயிட்டேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஹட்டன் வரும்வரை நீங்க அழுதீங்க. என் மணிக்கட்டைப் பிடித்து, "அவ தாங்க மாட்டா, சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றீங்க. அம்மா தாங்க மாட்டாங்க என்று நாம் எப்படி முடிவு பண்ணினோம் அப்பா? நாம் கேட்டே பார்க்கவில்லையே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாங்க. "இவ்வளவு நீளமா யாருக்கு எழுதுற?"

"அப்பாவுக்கு."

"என்னைப் பத்தியா? வாசி, கேப்போம்."

வாசிக்கத்தான் போகிறேன். அழுததையும் மணிக்கட்டைப் பிடித்ததையும் சேர்த்து, ஒரு வரி தாண்டாமல். தாண்டினாலும் அம்மா விடமாட்டாங்க, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவங்க, தாளை வாங்கிப் பார்ப்பாங்க. அன்றைக்கு நீங்க வாங்கிய வாக்கை மீறித்தான் உங்களுக்கு இந்த வாக்கைத் தருகிறேன். அம்மாவுக்கு வரவேண்டிய சேதி எதையும் இனி நான் நடுவில் நின்று குறைக்க மாட்டேன்.

கோபப்பட்டாலும் பரவாயில்லை, என்மேல் மட்டும் கோபப்படுங்க.

உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மகளான
ராசு