கோவளத்தில் முழங்கால் அளவு பனி

உன் பேத்தி நேற்று முதல்முறையாகப் பனியில் விழுந்து எழுந்தாள். தகவல் தந்தவள் உன் மகள்; ஆதாரம், கனடாவிலிருந்து அவள் அனுப்பிய காணொளி. அடி எதுவும் இல்லை. குழந்தை சிரிக்கிறது.

கூடவே உன் மகளின் குரல்: “மாமா, சின்ன வயசுல கோவளத்துல இடுப்பளவு பனியில ஆடினேன்னு அத்தா சொல்லிக்கினே இருப்பாரு. நாங்க அவரை ஓட்டுவோம். நெசமாவே எதுனா நடந்துச்சா?”

அவளுடைய அத்தா நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அந்தப் பனிக்கு இப்போது இருக்கும் சாட்சி நான் ஒருவன்தான்.

இடுப்பளவு இல்லை, முழங்கால் அளவு. அதுவும் உங்கள் ஐஸ் கொட்டகையின் ஒரு மூலையில் மட்டும். செங்கல்பட்டிலிருந்து லாரியில் பார் ஐஸ் வரும். கரையாமலிருக்க மேலே போட்ட உமியைத் தட்டி, மரச் சுத்தியலால் தூளாக்கி, குவித்து, சாக்கு போட்டு மூடியிருப்பார்கள். படகுகள் திரும்பியதும் மீன் கூடைகளுக்கு அதுதான்.

முழுப் பரீட்சை விடுமுறை. வெள்ளிக்கிழமை. உன் அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். சாக்கை உருவிவிட்டு ஏறிச் சறுக்கினோம். உருண்டை பிடித்து எறிந்தோம். என் சட்டைக்குள் ஒரு கை ஐஸைப் போட்டுவிட்டு, “காஷ்மீரு எப்படி கீது மச்சான்?” என்று கேட்டாய். நான் குதித்த குதியில் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அப்போதுதான் உன் டவுசர் நனைந்தது. குவியலின் அடியில் தண்ணீர் கட்டியிருந்தது.

“அத்தா வந்தா தோலை உரிச்சிடுவாருடா.”

யோசனை சொன்னது நான். “உப்பு போட்டா மீனே கெடாம கருவாடா கீது. ஐஸு மட்டும் எங்கடா போவும்?”

நீ நம்பினாய். நானும் நம்பித்தான் சொன்னேன். என் அப்பா கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலி. மேஸ்திரிக்குத் தெரியாமல் அவர் கொண்டுவந்த உப்பு அரை மூட்டை எங்கள் வீட்டின் பின்புறம் இருந்தது. நான்தான் இழுத்து வந்தேன். நான்தான் கொட்டினேன். ஐஸ் மாவு போல வெளுத்தது. குளிர் விரலைக் கடித்தது. “இப்பதான்டா அசல் பனி!” என்று நீ அதில் புரண்டாய். கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் வாய்க்கால் ஓடியது.

படகுகள் வந்தபோது பாதிக் குவியல் இல்லை. உன் அத்தா தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு எவன்டா போட்டது?”

நீ என் தொடையைக் கிள்ளிக் காதோடு சொன்னாய். “உங்கப்பாவுக்கு வேலை பூடும். வாயை மூடிக்கினு இரு.” பிறகு ஓரடி முன்னே போனாய். “நான்தான் அத்தா.”

அறை விழுந்தது. மறுநாளே உன்னை மதுராந்தகத்தில் உன் சித்தப்பாவான சாச்சாவின் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த விடுமுறை முழுக்க நீ அங்கே துணி மடித்தாய்.

அதோடு முடியவில்லை. உன் நிக்காஹ் விருந்திலும் உன் அத்தா சம்பந்தியிடம், “ஐஸு கரையாம இருக்க உப்பு போட்ட அறிவாளி, இவன்தான்” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ என்னைப் பார்க்காமல் பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

அப்பா உப்பள வேலையை விட்டார். பிறகு இறந்தும் போனார். நான் வாயை மூடியிருக்க வேண்டிய காரணம் அன்றோடு தீர்ந்தது. உன் அத்தா இறந்தபோது ஜனாஸாவுக்கு வந்து உன் பக்கத்தில்தான் நின்றேன். அதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. யார் எதை மறைத்தார்கள் என்று பத்திரிகையில் எழுதியே முப்பது வருடம் பிழைத்தவன் நான். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னிடம் கோபப்பட்டிருப்பேன், அவ்வளவுதான்; இன்று இவ்வளவு கனத்திருக்காது.

உன் மகளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்: “நடந்தது உண்மை. மீதியைப் பேசும்போது சொல்கிறேன்.” ஆழத்தைத் திருத்திச் சொல்வேன். உப்பு யார் வீட்டது, கொட்டியது யார் கை, இரண்டையும் சொல்வேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் நிச்சயம் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைக்கிறாள்.