உடைந்த கீபோர்டைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும், அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டிருக்கவேண்டும் என்று நினைத்தபடியே தொடங்குகிறேன். நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், மீதி விரல்களால் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். வீடு முழுக்கக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், திரையில் தட்டினால் நானே பாதியை அழித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். காகிதத்தில் கோடு போட்டு அடித்தால்கூட அடியில் இருப்பது தெரியும் அல்லவா.

திங்கட்கிழமை நீ அனுப்பிய செய்தி வந்தது. "அம்மா, கீபோர்டு கீழே விழுந்திடுச்சு, மூணு கீ வேலை செய்யல, எப்படி சரி பண்றதுன்னு சொல்லேன்" என்று கேட்டிருந்தாய், கூடவே ஒரு படமும். நான் உடனே பதில் போடாதது உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும், இந்த மாதிரிக் கேள்வி என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதில் சொல்கிறவள் நான். அது கீழே விழவில்லை கண்ணா. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது இணைப்பு திக்கியது இல்லையா, உன் திரையில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து போயிருப்பேன், லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். என் திரையில் நீ உறையவில்லை. படமும் வந்தது, சத்தமும் வந்தது. "சனியன் பிடிச்ச நெட்டு, ஒரு நாளாவது ஒழுங்கா வேலை செய்யுதா" என்று கத்திக்கொண்டே கீபோர்டைத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தாய், மறுபடி அடித்தாய், எழுத்துகள் பல் உதிர்வதுபோலத் தெறித்தன. அடிப்பதற்கு முன்னாலேயே, நீ கையை ஓங்கும்போதே, மருமகள் உன் பக்கத்திலிருந்த தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டாள். விளக்கை ஓரமாகத் தள்ளினாள், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. முதல் தடவை பார்க்கிறவள் அலறுவாள், பலமுறை பார்த்தவள்தான் கோப்பையை எடுத்து வைப்பாள். பிறகு நீ கதவை அறைந்துவிட்டு வெளியே போனாய், அவள் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள்.

அதனால்தான் உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், அத்தை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருவார் என்று சொன்னேனே, அத்தை வீட்டில் இருப்பது உண்மை, மற்றது பொய். அவருடைய வலது கை முழங்கை வரை வெந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை, தோல் ஆறிக்கொண்டு வருகிறது, மருந்து தவறாமல் போடுகிறார்கள், அதை நினைத்து நீ கலங்கவேண்டாம்.

அப்பாவின் கோபம் உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் நீ அதை வைத்துக் கதைகூடச் சொல்வாய். ரிமோட் சுவரில் அடித்து உடைந்த கதை, வேலை செய்யாத பிரிண்டரைப் பால்கனியிலிருந்து வீசி அது காவலாளியின் நாற்காலியில் விழுந்த கதை, நல்லவேளை அந்த மனிதர் அப்போதுதான் எழுந்து போயிருந்தார், அதற்கப்புறம் நாற்காலியையே படிக்கட்டுக்குள் போட்டுக்கொண்டார். "அப்பா உடைப்பார், அம்மா ஒட்டுவா, எங்க வீட்டுல எல்லாமே ரெண்டாவது பிறவி" என்று உன் சிநேகிதர்களிடம் நீ பெருமையடித்தது என் காதில் இன்னும் இருக்கிறது. நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சமையலறை மூலையில் என் மேசை, காந்தம் ஒட்டிய டப்பா மூடியில் திருகாணிகள், ஈயம் பற்றவைக்கச் சூடேறும் சால்டரிங் இரும்பின் வாசனை, செத்துப்போனதாக எல்லோரும் சொன்ன ஒன்றில் பச்சை விளக்கு எரிகிற அந்த நொடி, அதற்கு ஈடாக எனக்கு வேறெதுவும் கிடைத்ததில்லை. உதிரிபாகக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே "வாங்கக்கா, இந்தத் தடவை விழுந்துச்சா, விழ வச்சாங்களா" என்று கேட்பார், நான் "உங்களுக்கு எதுக்குங்க, உங்க பொழைப்பு ஓடுதில்ல" என்பேன், அவர் சின்னப் பையன் மாதிரி வெட்கப்பட்டுச் சிரிப்பார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்ததைத்தான் அவர் கேட்டார்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் நான் செய்த பொழுதுபோக்கில் பாதி காவல் வேலை. விளம்பரம் குதித்து வந்தால் அப்பாவுக்குக் கோபம் ஏறிவிடும் என்று பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி விளம்பரம் தடுக்கிற இயந்திரமாக்கி மாட்டினேன். சோபாவில் சிக்னல் குறைகிறது என்று ரவுட்டரைக் கொண்டுவந்து அவர் தலைக்குமேல் சுவரில் மாட்டினேன். அவர் தூங்கும்போது அப்டேட் எல்லாம் முடிந்துவிடும்படி நேரம் வைத்தேன், கடவுச்சொல் கேட்காதபடி செய்தேன், கூடத்தில் பெருமூச்சு கேட்டாலே எழுந்துபோய் "என்ன, வட்டம் சுத்துதா, இருங்க" என்பேன். அவருக்கு மூக்கு நுனியில் கோபம், நான் வீட்டின் மொத்த இணையத்தையும் அந்த மூக்கு நுனிக்குத் தகுந்தபடி கட்டி வைத்திருந்தேன். ஆனால் உலகத்தில் இருக்கிற எல்லா வலைத்தளத்தையும் நான் கட்டமுடியுமா.

கை வெந்த அன்று அவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தார். எல்லாம் நிரப்பி முடிக்கும்போது பக்கம் தானாக வெளியே தள்ளிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. போனுக்கு வரவேண்டிய எண் நேரம் முடிந்தபிறகு வருகிறது. அதையும் தாண்டினால் போக்குவரத்து விளக்கு இருக்கிற படங்களைத் தொடு, நீ இயந்திரம் இல்லை என்று காட்டு என்கிறது. "நான் மனுஷன்னு இந்தத் தகரத்துக்கு நான் நிரூபிக்கணுமா" என்று கத்தினார், எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் என் மேசையில் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். அதன் பேட்டரி வயிறு உப்பி மூடியையே தூக்கிவிட்டிருந்தது. அப்படிப்பட்டதை முதலில் வெளியே எடுத்துத் தட்டில் தனியாக வைத்துவிடவேண்டும், ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும், எடுத்து வைத்துவிட்டு ஓரத்தில் மணல் வாளியும் வைத்துக்கொண்டுதான் அதன் கீபோர்டைக் கழட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்று "எழுந்து வா" என்றார். "ஒரு நிமிஷம், இதை மட்டும் கழட்டிட்டு வரேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "என்னைவிட உனக்கு இந்தக் குப்பை பெருசா போச்சா" என்று சொல்லி லேப்டாப்பின் திரையைப் பிடித்து என் கைமேல் அறைந்து மூடினார். மூடியபிறகு அதன்மேல் தன் எடையைப் போட்டு அழுத்தினார். கண்ணா, நான் இதை நாசூக்காகச் சொல்லமாட்டேன், என் விரல் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது, அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

இன்னொரு கையால் என் பின்கழுத்தைப் பிடித்தார். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சால்டரிங் இரும்பு சூடாக இருந்தது, அதன் வெப்பம் கன்னத்தில் படுகிற அளவுக்கு என்னைக் குனியவைத்தார். திமிறியதில் தட்டு நகர்ந்து பேட்டரி மேசை விளிம்புக்கு வந்தது. நான் "அதைத் தொடாதீங்க, அதைத் தொடாதீங்க" என்று கத்தினேன். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பொருளைப் பற்றிக் கத்துகிறேனே என்று அவருக்கு வெறி இன்னும் ஏறியது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் என்று நினைத்துவிட்டார். என்னை விட்டுவிட்டு என் திருப்புளியை எடுத்து அதன் உப்பிய வயிற்றில் ஓங்கிக் குத்தினார், பிடுங்கி மறுபடியும் குத்தினார். சீறிக்கொண்டு நெருப்பு பீய்ச்சியது. அவர் சட்டைக் கையில் தீப்பிடித்துக்கொண்டது, வீடெல்லாம் வெள்ளைப் புகை, தொண்டையில் கசப்பு. நான் வாளி மணலை ஒற்றைக் கையால் கொட்டினேன், ஈரத் துண்டை அவர் கையில் சுற்றினேன், இழுத்துப்போய்க் குழாயடியில் பிடித்தேன். நர்ஸம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார், நான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விரல்கள் வேறு திசையில் திரும்பியிருப்பதை நர்ஸம்மாதான் முதலில் பார்த்தார்.

மருத்துவமனையில் அப்பா "பேட்டரி தானா வெடிச்சிடுச்சு டாக்டர், அவசரத்துல இவ கை கதவுல மாட்டிக்கிச்சு" என்றார். கோர்வையாகச் சொன்னார், யோசிக்கவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் அத்தை அன்று சாயங்காலமே வந்து தம்பியை அழைத்துப் போனார், போகும்போது என்னிடம் "பொருளைத்தானே உடைப்பான், ஆளைத் தொடமாட்டானே, ஏதோ கிரகம்" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வரை அப்படியே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று நீ வெளியே போனபிறகு நடந்ததையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். எழுத்துகளைப் பொறுக்கி நிமிர்ந்த மருமகள் கேமராவின் விளக்கு இன்னும் எரிவதைப் பார்த்துவிட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மெல்லத் தலையசைத்தாள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிற மாதிரி. நான் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கட்டுப்போட்ட கையை எடுத்து அவளுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு பண்ணது அத்தை?" என்று கேட்டாள். "மாமாதான்" என்றேன். அவள் கையிலிருந்த எழுத்துகளை அப்படியே மேசையில் கொட்டிவிட்டாள்.

மறுநாள் கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடம், கையை நசுக்கியது கதவு இல்லை, என் கணவர் என்று சொன்னேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், "எழுதட்டுமா" என்று கேட்டார், எழுதுங்கள் என்றேன். அங்கிருந்து நேரே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தேன், நர்ஸம்மா கூட வந்தார். அப்பாவின் துணிமணி, மருந்து, கண்ணாடி எல்லாம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டன. பூட்டை மாற்றிவிட்டேன். அத்தை போனில் "விரல்தானே, கழுத்தா போச்சு, இதுக்குப்போய் போலீஸா, குடும்ப மானம் என்னாவறது" என்று ஒரு மூச்சு கத்தினார். "கழுத்தையும் பிடிச்சார் அண்ணி, அதை நீங்கதான் கேக்கல" என்றேன். அத்தை போனை வைத்துவிட்டார்.

நீ அப்பாவின் ரத்தம், அதனால் கோபம் வருகிறது என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். உன் மேலதிகாரி முன்னால் நெட் நின்றபோது எத்தனை கீபோர்டை உடைத்தாய்? அங்கே வராத ரத்தம் வீட்டில் மட்டும் எப்படி வருகிறது? அப்பாவும் அலுவலகத்தில் ஒரு பென்சிலைக்கூட ஒடித்ததில்லை. பொறுக்குவதற்கு ஆள் இருக்கிற இடத்தில்தான் உங்கள் இருவருக்கும் கை ஓங்குகிறது. பொருள்மேல்தானே என்று நினைக்காதே, பொருளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு மூடி கனம்தான் இருக்கிறது, அது என் விரலுக்குத் தெரியும்.

நீ கேட்ட மூன்று விசையை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியும், படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லமாட்டேன். இனி நீ உடைக்கிற எதற்கும் நான் வழி சொல்லமாட்டேன், அவளும் பொறுக்கமாட்டாள், உடைந்தது உடைந்தபடி உன் கண்ணெதிரே கிடக்கட்டும். கோபத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் உன் ஊரிலும் இருப்பார்கள், தேடிப் போ, முதல் தடவை போவதற்கு வெட்கமாக இருந்தால் போனை எடுத்து என்னிடம் பேசிக்கொண்டே படியேறு, நான் வாசல் வரை கூடவே வருகிறேன். நீ கெட்டவன் என்று எழுதவில்லையடா, இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் விரல் வலிக்க வலிக்க எழுதுகிறேன். அப்பாவிடம் அந்த நேரத்தில் யாரும் இப்படி எழுதவில்லை.

இதன் நகல் ஒன்று மருமகளுக்கு அவள் வேலை செய்யும் இடத்து முகவரிக்குப் போயிருக்கிறது, கூடவே இந்த வீட்டின் புதுச் சாவியும். அவள் எப்போது வந்தாலும் உன் அறை அவளுக்கு. ஏன் வந்தாய் என்று ஒரு கேள்வி கேட்கமாட்டேன். அவள் பின்னாலேயே நீ வந்து நின்றால், அவள் திற என்று சொன்னால்தான் திறப்பேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் பயமில்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும், அதைத் தவிர நான் வேண்டிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அவளுடைய போனுக்கு. அவள் கொடுத்தால் நீ பேசு.

உன் அம்மா