பதினைந்தாம் நாள்

ஜனவரி 9

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

நான் நலம். ரயிலடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றீர்களே, அது இதற்குள் இறங்கியிருக்காது என்பதால் உங்கள் நலத்தை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன்.

அலுவலகம் முன்பு பிஸ்கட் கிடங்காக இருந்ததாம். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் வெண்ணெய் வாசனை வருகிறது. பத்து மணிக்கே பசிக்கிறது. வாசலில் 'பதில் அலுவலகம்' என்று பலகை. நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த நாட்டுக்கு ஒன்பது வயது. பிறந்த முதல் வருஷமே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்: யார் எழுதினாலும், என்ன கேட்டாலும், பதினான்கு நாளுக்குள் உண்மையான பதில் போக வேண்டும். போகாவிட்டால் பதினைந்தாம் நாள் மேலதிகாரியே கேட்டவர் வீட்டுக்குப் போய், வாயால் பதில் சொல்ல வேண்டும். படித்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷம் நம் ஊர் அரசு அலுவலகத்தில் மனுக்களைக் கட்டி மாடியில் போட்டவள் நான். உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பதிலின் அடியிலும் ஒரு வரி அச்சடித்திருக்கிறது: 'இதில் தவறு இருந்தால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறோம்.' ஓர் அரசாங்கம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நல்ல எண்ணங்களைப் பழைய நாடுகள் அலமாரியில் மடித்து வைத்திருக்கின்றன. இவர்கள் எடுத்து உடுத்திக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

புறப்படும்போது சொன்னதை மறக்கவில்லை. ஒரு வருஷம். இந்த நாடு என்னை ஒரே ஒரு பொய் எழுதச் சொன்னாலும் அன்றே பெட்டி கட்டிவிடுவேன். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 21

வாயாடிக்கு,

கடிதம் மூன்றே நாளில் வந்தது. உன் நாட்டில் தபாலாவது ஓடுகிறது, சந்தோஷம்.

அக்கா நேற்று வந்து, "பொண்டாட்டியை நாட்டுக்குத் தாரை வாத்துட்டு நீ ரசம் வச்சுக்கிட்டு இருக்கியா?" என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டுப் போனாள். ரசத்தில் உப்பு இல்லை என்பதையும் சொன்னாள்.

மேலதிகாரி வீடு வீடாகப் போவாராமே! ஒன்பது வருஷத்தில் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டு எழுது. நான் பல் செட் செய்கிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பால் பல் எல்லாமே அழகு. முத்து மாதிரி இருக்கும். விழுந்த பிறகு முளைக்கிறதே, அதுதான் கடிக்கிற பல். உன் நாட்டுக்கு இன்னும் பால் பல் விழவில்லை, அவ்வளவுதான்.

'தவறு இருந்தால் தெரிவியுங்கள்' என்கிற வரி பிரமாதம். இருபத்திரண்டு வருஷத்தில் நீ என்னிடம் ஒரு தடவையாவது அதைச் சொன்னதுண்டா?

போன வாரம் ஒரு வக்கீலுக்கு மேல் செட் கொடுத்தேன். நீதிபதி முன்னால் 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்ததாம். கேஸ் ஜெயித்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். இருந்தாலும் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு
பல்லுக்காரன்


மே 4

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

விசாரித்துவிட்டேன். ஒன்பது வருஷத்தில் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. ஒரு பதிலும் தாமதமானதே இல்லையாம்! இப்போது என்ன சொல்கிறீர்கள்?

என் மேசைக்கு வருகிற கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பஸ் டிரைவர், மேம்பாலத்துக்கு வைத்த பெயர் பாலத்தைவிட நீளமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தார். அளந்து பார்த்தோம், பெயர்ப்பலகை உண்மையிலேயே பெரிது. சுருக்கிவிட்டார்கள். ஓர் அம்மாள், 'என் மகன் உங்கள் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறானா?' என்று கேட்டார். முகாமுக்குத் தொலைபேசியில் கேட்டு, 'சாப்பிடுகிறார், இரண்டாவது தடவையும் வாங்கிக்கொள்கிறார்' என்று எழுதினேன். இதற்கெல்லாம் ஓர் அரசாங்கம் உட்கார்ந்து பதில் எழுதுகிறது. எனக்குச் சில நாள் கண் கலங்கிவிடுகிறது, சிரிக்காதீர்கள்.

மேலதிகாரி என்னை நிரந்தரமாகவே இருந்துவிடச் சொல்கிறார். பார்க்கலாம் என்றேன்.

உங்கள்
வாயாடி


மே 15

வாயாடிக்கு,

'பார்க்கலாம்' என்றால் என்ன?

நேராகவே கேட்கிறேன். வருஷம் முடிந்ததும் வருவாயா, மாட்டாயா?

உன் ராணுவக்காரன் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவதில் எனக்கும் மகிழ்ச்சி. இங்கே ஒருவன் முதல் தடவையே சாப்பிடாமல் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான், அதை யாருக்கு எழுதிக் கேட்பது?

பல்லுக்காரன்


அக்டோபர் 6

அன்புள்ளவருக்கு,

நடுவில் எழுதியதெல்லாம் மழையும் மாம்பழமும்தான், உங்கள் கேள்வியைத் தொடவில்லை. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்று வேறு விஷயம். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

மூன்றாம் தேதி ஒரு மனு வந்தது. மேட்டுத் தெருவில் துணி வெளுக்கிற ஒரு பெண் எழுதியிருந்தார். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் கேள்வி தெளிவு: 'எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏன்?'

குடிநீர் இன்ஜினியரைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாதக் கடைசியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். சட்டசபைக்கு முன்னால் புது நீரூற்று. இருபது அடி எழும்ப வேண்டுமாம். அதற்காக மேட்டுத் தெருக் குழாயை மூடிவிட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை.

அப்படியே பதில் எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார். "பராமரிப்புப் பணின்னு போட்டுடுங்கம்மா. விருந்தாளிங்க வர்ற நேரம், நம்ம மானம் போயிடும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார்.

நான் எழுதவில்லை. என் பதிலில் அவர் கையெழுத்துப் போடவில்லை. தாள் என் மேசையில் கிடக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்துவிட்டேன். பால் பல் விழுந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அழுகையாக வருகிறது.

வாயாடி


அக்டோபர் 9

என் வாயாடிக்கு,

பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளு.

உன் கடிதம் வந்தபோது பல் அச்சுக்கு மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். நான் குதித்திருக்க வேண்டும், இல்லையா? ஒன்பது மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன். குதிக்கத் தோன்றவில்லை. மெழுகு தீய்ந்து பட்டறை முழுக்கப் புகை. கீழ்வீட்டுக்காரர் வாளியோடு ஓடி வந்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது: உன் நாடு நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் இத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். இதை அக்காவிடம் சொல்லிவிடாதே.

இப்போது நான் சொல்கிறபடி செய். பொய்யை எழுதாதே. சண்டையும் போடாதே. சும்மா இரு. உன்னால் முடியாத காரியம்தான், முயற்சி செய். மூன்றாம் தேதி வந்த மனுவுக்குப் பதினேழோடு பதினான்கு நாள் முடிகிறது. பதினெட்டாம் தேதி உன் மேலதிகாரி மேட்டுத் தெருவுக்கு நடக்க வேண்டும். நீதானே எழுதினாய்? ஜனவரி மாதக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஒரு தாளில் பொய் எழுதுவது சுலபம். காலிக் குடத்தோடு எதிரே நிற்கிறவளிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் போகாவிட்டால் பெட்டியைக் கட்டு. நானே வந்து தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பல்லுக்காரன்


அக்டோபர் 19

என் அன்புப் பல்லுக்காரருக்கு,

போனார்! போனார்! போனார்!

பதினேழாம் தேதி மாலை மனுப் பதிவேட்டை அவர் மேசையில் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். (ஆமாம், ஒன்றும் பேசாமல்.) அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அந்தச் சட்டத்தை எழுதின குழுவுல நானும் இருந்தேம்மா" என்றார். எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். தெரு செங்குத்து. பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. வீட்டு வாசலில் பானை, வாளி, டப்பா எல்லாம் காலியாக வரிசை கட்டியிருந்தன. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மேடு ஏறி வந்திருக்கீங்க. குடிக்கத் தண்ணிகூட குடுக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார்.

மேலதிகாரி உட்காரவே இல்லை. என்ன சொல்லிக்கொண்டு வந்தாரோ, அது அவர் வாயிலேயே நின்றுவிட்டது. முகம் சிவந்துவிட்டது. பிறகு, "தண்ணி நீரூற்றுக்குப் போகுதும்மா. விருந்தாளிங்க பார்க்கணும்னு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எங்க மேலதான்" என்றார்.

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு கிழவர் கேட்டார்: "எவ்வளவு உயரம் போகுது?" "இருபது அடி." "நாங்க உயரம் கேக்கல சார். குடத்து வாய் வரைக்கும் வந்தா போதும்." தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். மாலைக்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் குடத்தைக் கொண்டுவந்து எங்கள் அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் அந்தப் பெண்!

நீரூற்று காய்ந்து கிடக்கிறது. முன்னால் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். என்ன எழுதுவது என்று என்னைத்தான் கேட்டார்கள். 'இதன் தண்ணீர் மேட்டுத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகளில் இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். விருந்தாளிகள் அதையே பார்த்துவிட்டுப் போகட்டும்.

மேலதிகாரி மகான் இல்லை. நாடும் மகான்களால் ஆனதில்லை. சட்டம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் அவர் அந்த மேட்டில் ஏறினார். எனக்கு அது போதும். நான் நம்பியது வீண் போகவில்லை. யோசனை உங்களுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள்
வாயாடி


நவம்பர் 28

பெறுநர்: பதில் அலுவலகம், பழைய பிஸ்கட் கிடங்கு

ஐயா,

யார் எழுதினாலும் பதில் தருவீர்கள் என்று கேள்விப்பட்டு இந்த மனுவை எழுதுகிறேன். நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்ல.

தங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்மணி வேலை பார்க்கிறார். ஊரில் எல்லாருக்கும் உண்மையான பதில் எழுதுகிறார். அவருடைய கணவர் மே மாதம் பதினைந்தாம் தேதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். வருஷம் முடிந்ததும் வருவாயா, மாட்டாயா? ஆறு மாதம் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை நீளத்துக்கு இருக்கிற மரியாதைகூட அந்தக் கேள்விக்கு இல்லையா?

அவர் ஏன் எழுதவில்லை என்பது கணவருக்குத் தெரியும். 'வரமாட்டேன்' என்று எழுத மனம் வரவில்லை. 'வருகிறேன்' என்று எழுதினால் அது பொய். ஆகவே கணவர் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்.

நாற்பத்தொன்பது வயது, பல் செட் செய்கிற தொழில், சாமான் எல்லாம் இரண்டு பெட்டியில் அடங்கும். மேட்டுத் தெருவில் உள்ள கிழவருக்குப் பல் இருக்கிறதா என்று தெரியவில்லை, இல்லாவிட்டால் நல்லது. ஆனால் ஒரு குறை: இந்த ஆளுக்கு உங்கள் நாட்டின் மேல் முழு நம்பிக்கை கிடையாது. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். பால் பல் விழுந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் ஆசை. இப்படிப்பட்டவனுக்கு அங்கே இடம் உண்டா?

பதினான்கு நாளுக்குள் பதில் வேண்டுகிறேன்.

இப்படிக்கு
மனுதாரர்


டிசம்பர் 16

மனுதாரர் அவர்களுக்கு,

தங்கள் மனு டிசம்பர் 1ஆம் தேதி கிடைத்தது. நேற்றோடு பதினான்கு நாள் முடிந்துவிட்டது. பதில் எழுத இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் மனு தொலைந்துபோகவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலர் அதை இரண்டு வாரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். பஸ்ஸிலும் எடுத்துப் படிக்கிறார்.

சட்டப்படி மேலதிகாரி நேரில் வர வேண்டும். அவர் மனுவைப் படித்துவிட்டு, "இந்த மேட்டுல நான் ஏறினா சரியா இருக்காதும்மா, நீங்களே போங்க" என்று எழுத்து மூலம் உத்தரவிட்டுள்ளார். பத்து நாள் விடுப்பும் கொடுத்துள்ளார். மேட்டுத் தெருக் கிழவருக்குப் பல் இல்லை, விசாரித்தாகிவிட்டது என்பதையும் சொல்லச் சொன்னார்.

எனவே அலுவலர் ஞாயிறு காலை எட்டு மணி வண்டியில் வந்து இறங்குகிறார். விதிப்படி பதிலை வாயால்தான் சொல்ல வேண்டும். ஆகையால் இங்கே எழுதவில்லை. ரயிலடிக்கு வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ரசமும் வைக்க வேண்டாம்.

அலுவலர் வருவதற்கு ஒரு டிக்கெட்டும், திரும்பிப் போவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்திருக்கிறார்.

இதில் தவறு இருந்தால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

உங்கள்
வாயாடி