சிம்மக்கல் போர்டில் ஏறிய வரி

மதுரை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள ஜினோ அண்ணனுக்கு,

ஆண்டவர் அருளால் நீ ஜெர்மனிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா நலம். முழங்கால் வலியைத் தவிர அம்மாவும் நலம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீ கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு வார்த்தைக்கு இம்புட்டு ரகளை தேவையா? டவுன் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ‘வண்டி வருதா’ செயலியை நீயும் உன் கூட்டாளி அருண்பாண்டியும் சேர்ந்துதான் எழுதினீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரலை இணையத்தில் திறந்தும் வைத்தீர்கள். ஆனால் முகப்பில் ‘மதுரை டவுன் பஸ்களின் துல்லியமான நேரம்’ என்று நீ எழுதிய வரியை மட்டும் யாரும் தொடக்கூடாது. ‘துல்லியமான’ என்பதை ‘உத்தேச’ என்று மாற்றி அருண் அனுப்பிய திருத்தத்தை மறுபடி மறுபடி நிராகரித்தாய். “மாப்ள, சமயநல்லூர் வண்டி டிரைவர் டீ குடிச்சுட்டுத்தான் எடுப்பாரு” என்று அவர் சொன்னதில் என்ன தப்பு? உன் வரியை நம்பி வெயிலில் நின்றதில்தான் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

முன்பெல்லாம் அருண் அண்ணன் என்றுதான் சொல்வேன். அதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. நீ கவனித்திருக்க மாட்டாய்.

பிடிக்காவிட்டால் நிரலை நகலெடுத்துக்கொண்டு தனிச் செயலியாக நடத்திக்கொள் என்று நீ எழுதியதும், அவரும் ரோஷத்தில் நகலெடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வீட்டில் அவருக்காகப் பேச நீ ஒருவன்தானே இருக்கிறாய்?

இதற்கிடையில் சோலை மாமா புகுந்துவிட்டார். அருணின் தாய்மாமன், சிம்மக்கல்லில் ப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். ஊருக்கே தெரியாத வரிக்கு எதுக்குய்யா சண்டை என்று சொல்லி, யாரையும் கேட்காமல் கடை வாசலில் பெரிய போர்டு வைத்துவிட்டார். மேலே ‘வண்டி வருதா – உத்தேச நேரம்’. முகமில்லாத போர்டை எவனும் பார்க்க மாட்டான் என்பது அவர் கொள்கை. நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட அருண். செயலியைச் சோதித்துப் பார்ப்பவள் என்ற முறையில் பக்கத்தில் நான். சுற்றிலும் ரோஜாப்பூ. அவர் கடையில் எல்லா போர்டுக்கும் ரோஜாப்பூ உண்டாம்.

ப்ளெக்ஸ் ஏறிவிட்டால் மதுரையில் அது முடிந்த விஷயம் என்று உனக்குத் தெரியும். பழக்கடைக்காரர்கள் அருணின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் எல்லாரும் எந்த மண்டபம் என்று கேட்கிறார்கள். ஒருத்தர்கூட பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

வாழைத்தார் வாங்கப் போன அப்பாவும் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, அந்த போர்டில் இருப்பது சரிதானா என்று கேட்டார். சரிதான்ப்பா என்றேன். எழுந்து விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, ஜினோ என்ன சொல்றான்னு கேளு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அதைத்தான் கேட்கிறேன். அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள். குழுவுக்குத் திரும்பி வா. முதலில் அருணைக் கூப்பிட்டுப் பேசு, பிறகு அப்பாவைக் கூப்பிடு.

போர்டில் உனக்கும் இடம் உண்டு, அண்ணே. கீழே வாழ்த்துவோர் வரிசையில், ஒரு வட்டத்துக்குள் கும்பிட்டபடி நிற்கிறாய். முகம் உன் காலேஜ் அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கும்பிடும் கைகளை சோலை மாமா வேறு யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். முகப்பு வரியில் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் மாற்றிக்கொள். அந்த இடத்திலிருந்து மட்டும் வெளியேறிவிடாதே.

உன் ஆசிக்குக் காத்திருக்கும் தங்கை,
ஜெனி