இடது கன்னத்தின் அச்சு

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. எப்போதும் முதல் வரியிலேயே இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, பதறாதே, முழுக்கப் படி. நீ சுகமா? இருமல் விட்டதா? அங்கே குளிர் ஏறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வழியாகத்தான் காய்ச்சல் நுழையும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. டாக்டர் சொன்னதில் படி ஏறாதீர்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாக ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார், இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எதிர்வீட்டு வாத்தியார் காவலுக்கு ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர வேறு யாரைப் பார்த்தும் குரைப்பதில்லை.

இப்படி ஊர்க்கதை எழுதிக்கொண்டு நான் விஷயத்துக்கு வராமல் சுற்றுகிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையைப் பற்றித்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், நானும் தலையாட்டினேன். இப்போது அதை மீறுகிறேன். போனில் சொல்லலாம் என்று எடுத்துப் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தென்றால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தபால் நேரத்துக்கு வந்து சேராது, எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கே அனுப்புகிறேன்.

நீ வேலைக்கென்று அங்கே போன பிறகு அவருக்கு அந்தப் பெரிய படத்தில் வேஷம் கிடைத்தது உனக்குத் தெரியும். இத்தனை வருடம் சண்டைக் காட்சிகளில் மற்றவர்களுக்குப் பதிலாக விழுந்து எழுந்தவருக்கு முதல் தடவையாகப் பேரோடு ஒரு வேஷம். குகைக்குக் காவல் இருக்கிற உரு, பாதி மனிதன், பாதி கழுதைப்புலி. நாலு காலில் பாயவும் வேண்டும், எழுந்து நின்று மனிதனாக அழவும் வேண்டும். டைரக்டர் பலரைப் பார்த்துவிட்டு இவரைப் பிடித்தபோது, அந்த முகத்தைச் செய்கிற வேலை ஏற்கெனவே என் பட்டறைக்கு வந்திருந்தது. மாமனார் செய்கிறார், மருமகன் மாட்டிக்கொள்கிறார் என்று செட்டில் ஒரே கேலி. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்து பார்த்த வேலைதான், இருந்தாலும் சொல்கிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது விளங்கும். முதலில் அவர் முகத்தை அச்செடுத்தேன். புருவத்துக்கு வாசலின் தடவி, பல் டாக்டர் அளவெடுக்கிற பசை மாதிரி ஒன்றை முகம் முழுக்கப் பூசி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே மாவுக்கட்டு போட்டு, இறுகியதும் கழற்றி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால் அவர் தலை அப்படியே வந்துவிடும். அந்தத் தலைமேல் களிமண் வைத்துத்தான் மிருகத்தைச் செய்வது. கழுதைப்புலிக்குத் தாடைதான் எல்லாம், எலும்பை நொறுக்குகிற சதை காதுக்குக் கீழே திரண்டு நிற்கும். அதைப் பெரிதாக வைத்தால் உள்ளே இருக்கிற மனிதன் காணாமல் போய்விடுவான், குறைத்தால் மிருகம் பூனையாகிவிடும். பல நாள் வைத்து வைத்து அழித்து, கடைசியில் தாடையை மிருகத்துக்குக் கொடுத்துவிட்டு, கண்ணையும் மேலுதட்டையும் மனிதனுக்கே விட்டேன். நெற்றியும் மூக்கும் சேர்த்து ஒரு துண்டு, கன்னம் இரண்டு, மோவாய் ஒன்று, எல்லாம் சிலிக்கான். ஓரம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் ஒட்டிக் கழற்றிய துண்டு மறுநாளைக்கு ஆகாது, கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் அதே அச்சில் புதிதாக ஊற்றி எடுப்போம்.

கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அவரும் வாங்க, சாப்பிட்டீங்களா, போயிட்டு வாங்க என்பதைத் தாண்டிப் பேசியதே இல்லை. அப்படிப்பட்டவரின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தினமும் காலையில் நிற்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? இருவருக்கும் கூச்சம். அவர்தான் கண்ணை மூடிக்கொண்டு, “மாமா, உங்க பொண்ணுகூட என் மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்ததில்ல” என்றார். கையில் இருந்த பிரஷ் விழுகிற அளவு சிரித்தேன். அதோடு திரை விலகிவிட்டது. அதற்கப்புறம் அவர் சரியாகத் தூங்கினாரா, உன்னோடு போனில் சண்டை போட்டாரா என்பதெல்லாம் என் விரலுக்கே தெரிய ஆரம்பித்தது. இவ்வளவு தெரிந்த விரல் அதை மட்டும் எப்படித் தவறவிட்டது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஆரம்பத்தில் துண்டுகள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தன. பிறகு ஒரு நாள் இடது கன்னத் துண்டு, காதுக்கு முன்னால், ஓரம் தூக்கிக்கொண்டது. வியர்வையாக இருக்கும் என்று துடைத்து மறுபடி ஒட்டினேன். மறுநாளும் அதே இடம். பசையை மாற்றினேன், பசை விற்றவனைத் திட்டினேன், சிலிக்கானைச் சந்தேகப்பட்டுப் புது டப்பா வாங்கினேன். ஒட்ட ஒட்ட அது விலகிக்கொண்டே இருந்தது, உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி. பட்டறையில் ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி நடுகிற அம்மாள் இருக்கிறாள் அல்லவா, ஊசியக்கா, நீ முடி நடும்போது துண்டை இழுத்துவிடுகிறாய் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன். அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிளாஸ்டர் தலைமேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. “அச்சு சரியாத்தான் இருக்கு அண்ணே. மூஞ்சியத்தான் பாக்கணும்” என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் இல்லை. புரிந்ததை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தேன். மாப்பிள்ளை சதை போட்டிருப்பார், கேரவனில் உட்கார்ந்து ஐஸ்கிரீமாகத் தின்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். சதை ஒரு கன்னத்தில் மட்டுமா போடும், நீயே சொல்.

அந்த வாரம் குட்டியைப் பறிகொடுத்த உரு குகை வாசலில் நின்று ஊளையிடுகிற காட்சி எடுத்தார்கள். நான் மானிட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கிறது, வலப்பக்கம் உதடு ஏறிப் பல் தெரிகிறது, இடப்பக்கம் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்து பாதியில் நின்றுவிடுகிறது. கட் சொன்னதும் டைரக்டர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒரு பக்கம் செத்துப்போன மாதிரி இருக்கே சார், எப்படிப் பண்ணீங்க? இனிமே எல்லா ஷாட்லயும் எனக்கு இது வேணும்” என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பட்டு, நான் அதைப் பண்ணவில்லை. அந்தக் கன்னம் நன்றாக அசைய வேண்டும் என்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட மெலிதாக ஊற்றியிருந்தேன்.

பேக்கப் சொல்லி அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துண்டுகளைக் கழற்றினேன். துடைக்கிற சாக்கில் காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினேன். தோலுக்கு அடியில் கல் மாதிரி ஒன்று, புளியங்கொட்டையைவிடப் பெரியது, தள்ளினால் நகரவில்லை. அவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு, “பல்லு வலி மாமா” என்றார். பல் காதுக்குக் கீழேயா முளைக்கும் மாப்பிள்ளை என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, “அவ ஊருக்குக் கிளம்புற வாரமே கைல தட்டுப்பட்டுச்சு. அப்ப பட்டாணி அளவுதான் இருந்துச்சு. சொல்லியிருந்தா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பா” என்றார். அப்புறம் இந்த வேஷம் வந்ததாம், முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். கிளைமாக்ஸ் மட்டும்தான் பாக்கி மாமா, முடிச்சுட்டு நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன் என்றார். அப்படியானால் நாளையிலிருந்து உங்கள் முகத்தில் நான் கை வைக்க மாட்டேன் என்றேன். “நீங்க ஒட்டலேன்னா வேற யாராவது ஒட்டுவாங்க” என்றார், முதல் தடவையாக என்னிடம் குரல் உயர்த்தி. எதை எடுத்து ஒட்டுவார்கள் என்று பார்க்கிறேன் என்று அந்தக் கன்னத்து அச்சைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தேன். விளையாட்டுக்கு இல்லை, தரையில் அடித்து உடைக்கத்தான் தூக்கினேன். அவர் என் கையைப் பார்த்தார். “கீழ வைங்க மாமா. காலைல போலாம்” என்றார்.

டாக்டர் உன் வயதுப் பெண்தான். கண்ணை இறுக்கி மூடுங்க, கன்னத்தை ஊதுங்க, பல்லைக் காட்டுங்க என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வலது கண் மூடியது, இடது கண் முழுக்க மூடவில்லை, வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எச்சில் சுரப்பியில் கட்டி. புற்றுநோய்தான், சுற்றி வளைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. வேறு எங்கும் பரவியதாக இதுவரை தெரியவில்லை, அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை பிரிந்து போகிறதாம், கட்டி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். போய்விட்டால் அந்தப் பக்கம் கண் இமையிலிருந்து உதடு வரைக்கும் அப்படியே நின்றுவிடும். உயிருக்கு என்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை. “அதுக்குத்தாங்க சீக்கிரம் பண்ணணும்கிறேன்” என்றார். அது எனக்குப் பதிலா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை அறுவை சிகிச்சை.

டைரக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். தான் கை தட்டியது எதற்கு என்று அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். படத்தை விடு, அவரை அனுப்பு என்றுதான் சொன்னார், பாவம், நல்ல மனிதர். ஆனால் மாப்பிள்ளை கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கச் சொல்றீங்களா என்றார். இடது கன்னத்தில் ஒட்டுப் பசை படக்கூடாது, அழுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு டாக்டரும் இரண்டு நாளைக்குச் சம்மதித்தார். அதனால் கன்னத்தைத் தொடாமல் மேலே கவிந்து நிற்கிற மாதிரி புதுத் துண்டு செய்ய வேண்டியிருந்தது, அதற்காக முகத்தை அழுத்தாமல் மறுபடியும் அச்செடுத்தேன். புதுத் தலையைப் பழைய தலைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்திருந்தேன். அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது மாப்பிள்ளை. இது யாருங்க?” என்று கேட்டாள். புதுத் தலையின் தாடையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள், வைத்த கையை எடுக்காமலே அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் மாப்பிள்ளையிடம் சாப்பிட்டீங்களா என்று நாளைக்குப் பத்து தடவை கேட்கிறாள், அவரும் பத்து தடவையும் சாப்பிட்டேன் என்கிறார், இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசுவதில்லை.

கிளைமாக்ஸ் நேற்றோடு முடிந்தது. நன்றாகச் செய்தார், அதை நான் எழுதிக் காட்ட முடியாது. எல்லாம் கழற்றித் துடைத்த பிறகு அவரே கேட்டார், “மாமா, இன்னொரு அச்சு எடுங்களேன். சிரிக்கிற மாதிரி. இருக்கட்டும், அவளுக்கு” என்று. வராது மாப்பிள்ளை என்று சொல்ல வாய் எழவில்லை. அச்செடுக்கிற பசையைக் கலக்கி அழுத்தாமல் மெதுவாகப் பூசினேன். அது இறுகுகிற வரைக்கும் அவர் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பசையின் கனத்துக்கு யாருக்குமே சிரிப்பு நிற்காது, அதிலும் அவருக்கு. முதலில் இடப்பக்கம் சரிந்தது, அடுத்து வலப்பக்கமும் களைத்து இறங்கியது, பசைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் வாய் மூடிய ஒரு முகம், அவ்வளவுதான். பரவால்ல மாமா என்று அவர் என்னைத் தேற்றினார்.

முப்பது வருடமாக முகம் செய்கிறேன் பட்டு, கொம்பு, அலகு, செதில் எது கேட்டாலும் செய்து கொடுத்துவிடுவேன். சிரிப்பை அச்செடுக்க எனக்குத் தெரியவில்லை. அதை நேரில்தான் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் இன்னும் அவரிடம் இருக்கிறது. ஆபீசில் லீவு கொடுக்க மாட்டோம் என்றால் வேலையை விட்டுவிட்டு வா, வேறு வேலை கிடைக்கும். என்மேல் கோபம் வந்தால் திட்டு, அவர்மேல் வந்தால் அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வா, பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பயணத்தில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு ஏறாதே, இறங்கியதும் எனக்குப் போன் செய், வேறு யாருக்கும் வேண்டாம். நீயும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். சீக்கிரம் வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா